தையற்காரர் வீட்டு ஆணம்



மதீனாவில் தையற்காரர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைத் தம் வீட்டு விருந்துக்கு அழைத்தார். அவருடைய பெயர் அந்த ஹதீஸில் இடம்பெறவில்லை. அவர் பரிமாறியது மட்டும் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது: வாற்கோதுமை ரொட்டி, அதனுடன் சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட ஆணம். உடன் சென்றிருந்த அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்து உண்பதைக் கண்டார்கள். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் விருப்பமானதாகிவிட்டது என்று பிற்காலத்தில் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் அறிவிப்பு இது.

இந்த ஹதீஸை நாம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்தி வருகிறோம். தமக்கு அருகில் இருப்பதையே உண்ண வேண்டும் என்ற நபிமொழியோடு இது எவ்வாறு பொருந்தும் என்று விளக்குவோம். உடன் உண்பவர் வெறுக்காதபோது தட்டில் தேடி எடுக்கலாம் என்று இமாம் புகாரி தனித் தலைப்பே இட்டிருப்பதைச் சுட்டிக் காட்டுவோம். எளியவரின் அழைப்பை ஏற்பதன் சிறப்பைப் பேசுவோம். இவ்வளவும் செய்த நாம், அந்த இருபது ஆண்டுகளில் விரும்பிச் சுரைக்காய் உண்டதாக நினைவில்லை. அது காய்ச்சல்காரர்களின் உணவு என்பதே நம் எண்ணம்.

சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை மிகுந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் தந்த உணவுப் பட்டியலில் முதல் வரியில் சுரைக்காய், அடுத்ததாக வெள்ளரிக்காய். அதைக் கண்டு நம் முகம் வாடியதைப் பார்த்த உம்மா, "இருபது வருசமா புள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்குறியே வாப்பா, ஏட்டுச் சுரைக்காய்தானா அது?" என்று கேட்டார்கள். விடை சொல்ல இயலவில்லை. மருத்துவப் பட்டியலை வைத்துவிட்டு, பழைய நூல்களை வேறு கண்ணோடு மீண்டும் திறந்தோம். அவ்வாறு கண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஹதீஸில் வரும் 'துப்பாஃ' என்ற சொல்லுக்குப் பரங்கிக்காய் என்று சிலர் பொருள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது வரலாற்றுக்குப் பொருந்தாது. பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துக் கொடி. 1492-க்குப் பிறகே அது கடல் கடந்து நம் பக்கம் வந்தது. பறங்கியரோடு வந்த காய் என்பதை அதன் பெயரே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. தையற்காரரின் ஆணத்தில் இருந்தது நாம் அறிந்த சுரைக்காய்தான். முற்றிக் காய்ந்த சுரைக் குடுவையையும் அதே சொல்லால்தான் அரபியர் குறித்தனர். அப்துல் கைஸ் குலத்துத் தூதுக்குழுவினர் மதீனா வந்தபோது, பானம் ஊறவைக்க அந்தக் குடுவையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தடுக்கப்பட்டார்கள். அதில் ஊறியது விரைவில் போதையாக மாறிவிடும் என்பதே காரணம். நம் ஊர்ப் பனையேறிகள் சுரைக்குடுக்கையைக் கள்ளுக்குப் பயன்படுத்தியதை அறிந்தவர்களுக்கு இத்தடையின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மீனின் வயிற்றிலிருந்து வெளிப்பட்ட யூனுஸ் (அலை) அவர்களுக்கு நிழலாக அல்லாஹ் முளைக்கச் செய்ததாக 37-ஆம் அத்தியாயம் குறிப்பிடும் 'யக்தீன்' கொடியும் சுரைக்கொடியே என்பது முஃபஸ்ஸிர்கள் பலரின் கருத்து.

இனி அந்த ஆணத்தின் சுவையைப் பார்ப்போம். சுரைக்காய்க்கெனத் தனிச்சுவை ஏதுமில்லை என்று குறை சொல்கிறோம். அந்தக் குறையே அதன் சிறப்பு. நூறு பங்கில் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் நீராக இருப்பதால், எதனோடு வேகிறதோ அதன் சாற்றை அது வாங்கிக்கொள்கிறது. உப்பிட்டு வெயிலில் காய்ந்த இறைச்சி நான்கைந்து துண்டுகள் போதும். பானை முழுவதற்கும் உப்பும் மணமும் இறங்கிவிடும். ஏழைத் தையற்காரர் ஒருவர் சிறிதளவு இறைச்சியைக் கொண்டு விருந்தாளிக்கு நிறைந்த தட்டு வைக்க இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது. நூறு கிராம் சுரைக்காயில் இருப்பது ஏறத்தாழ 14 கலோரி. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 120. அந்த ஒரு கரண்டிக்கு ஈடாக வேண்டுமானால் முக்கால் கிலோவுக்கும் மேல் சுரைக்காய் உண்ண வேண்டும்! (சமைப்பதற்கு முன் ஒரு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள், கசக்குமானால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கசக்கும் சுரைக்காயும் அதன் சாறும் நச்சுத்தன்மை கொண்டவை. சாறு பிழிந்து குடிக்கும் பழக்கம் பரவியிருப்பதால் இதைச் சொல்கிறோம்.)

காடியின் கதையும் இதே போன்றது. இன்று கடையில் வினிகர் என்று கேட்டு வாங்குவது அதுதான். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒருநாள் கைப்பிடித்துத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மூன்று ரொட்டிகள் வந்தன. ஒன்றைத் தம் முன்னும் ஒன்றை ஜாபிர் முன்னும் வைத்து, மூன்றாவதை இரண்டாகப் பிட்டு ஆளுக்குப் பாதியாக வைத்தார்கள். தொடுகறி ஏதேனும் உண்டா என்று கேட்டபோது, காடியைத் தவிர வேறில்லை என்று வீட்டார் கூறினர். அதையே கொண்டுவரச் செய்து, காடி எத்துணை நல்ல தொடுகறி என்று பாராட்டி உண்டார்கள். அன்று முதல் காடி எனக்குப் பிடித்துவிட்டது என்றார்கள் ஜாபிர். ஜாபிரிடமிருந்து கேட்ட நாள் முதல் எனக்கும் பிடித்துவிட்டது என்றார் அவரிடம் கேட்டறிவித்த தல்ஹா இப்னு நாஃபிஃ. ஹதீஸோடு நாவின் விருப்பமும் சேர்ந்து கைமாறிய இந்த இடம் நம்மைப் பெரிதும் கவர்கிறது. இமாம் முஸ்லிம் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு மேசைக்கரண்டி காடியில் பத்துக் கலோரிகூட இல்லை.

மூன்றாவது, வெள்ளரிக்காய். நபியவர்கள் கனிந்த பேரீச்சம்பழத்தோடு வெள்ளரிக்காயைச் சேர்த்து உண்ணக் கண்டதாக அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அறிவிக்கிறார்கள். இங்கு குறிக்கப்படுவது அரபு நாட்டின் நீண்ட, வரி விழுந்த வெள்ளரி. எகிப்தை விட்டு வந்த பனூ இஸ்ராயீல்கள் கேட்ட பொருள்களில் ஒன்றாக அல்பகரா அத்தியாயத்தின் 61-ஆம் வசனத்தில் வருவதும் இதே சொல்தான். மொறுமொறுப்பான ஒரு கடி, அதனுடன் தேன் போன்ற ஒரு கடி. வாய்க்கு இதைவிட இன்பமான இணை அரிது. நூறு கிராம் வெள்ளரியில் 15 கலோரி; உலர்ந்த பேரீச்சம்பழத்தில் ஏறத்தாழ 280. ஆகவே எதை அதிகம் உண்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதற்கு ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பே சான்று. திருமணத்துக்கு முன் தம்மைச் சற்றுச் சதைப்பிடிப்பாக்க எண்ணிய தாயார் பலவற்றையும் கொடுத்துப் பார்த்தார் என்றும், வெள்ளரியும் பேரீச்சையும் சேர்த்து உண்ட பிறகே உடல் தேறியது என்றும் அவர்கள் கூறுவதை அபூதாவூதில் காண்கிறோம். இன்று நாம் இளைப்பதற்கு நாடுவதை அன்று ஒரு தாய் பருப்பதற்கு நாடியிருக்கிறார்.

தர்பூசணியைப் பேரீச்சையோடு உண்டு, ஒன்றின் குளிர்ச்சியால் மற்றதன் வெப்பத்தைத் தணிப்பதாக நபியவர்கள் சொன்ன அறிவிப்பும் உண்டு. கலோரி என்ற சொல்லும் வெப்பத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே என்பதைக் காட்டி, இரண்டும் ஒன்றே என நிறுவ முயலும் உரைகளை நாம் கேட்டிருக்கிறோம். அது அவசர முடிவு. கலோரி என்ற அளவை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோலா கிளெமோன் வகுத்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கர் வில்பர் அட்வாட்டர் அதைக் கொண்டு உணவுகளை அளந்தார். அன்றைய மருத்துவம் பேசிய வெப்பமும் குளிர்ச்சியும் உடலின் தன்மைகளைப் பற்றியவை. ஹதீஸுக்கு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் தேவையில்லை.

வேறொன்றையும் மறைக்கலாகாது. அந்த எளிய உணவு, இளைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த உணவன்று. இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைக் கண்டும் நபியவர்களின் இல்லங்களில் அடுப்பு எரியாத நாள்கள் இருந்தன, பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவு என்று ஆயிஷா (ரலி) கூறியிருக்கிறார்கள். பசி அங்கே உண்மையான பசி. அதை நம் கலோரிக் கணக்குக்கு விளம்பரமாக்குவது முறையன்று. இருப்பதைச் சுவைத்து உண்டார்கள், பாராட்டி உண்டார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

வறுமை விலகி, அப்பாஸியக் கலீஃபாக்களின் பக்தாத் செல்வத்தில் திளைத்தபோது இந்தக் காய்கள் என்ன ஆயின? சமையலறையை விட்டு அவை வெளியேறவில்லை என்பதே நமக்கு வியப்பாக இருந்தது. 10-ஆம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் 'பவாரித்' எனப்படும் குளிர்ந்த பதார்த்தங்களுக்குத் தனி இடம் உண்டு. வேகவைத்த காய்கறிகளில் காடியும் மணமூட்டும் தழைகளும் சேர்த்து, உணவின் தொடக்கத்தில் வைப்பார்கள். ஹாரூன் ரஷீதின் சகோதரரும் கவிஞருமான இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ இவ்வகை உணவுகளுக்குச் செய்முறை வகுத்தவர்களில் ஒருவர். காடியில் இறைச்சியை வேகவைக்கும் 'ஸிக்பாஜ்' அரண்மனை விருந்தின் பெருமையாக விளங்கியது. அது கொழுப்பு மிகுந்த உணவுதான். எனினும் மதீனாவின் ஏழைத் தொடுகறி அங்கும் தன் இடத்தை விடவில்லை.

அதே நூலில் 'முஸவ்வராத்' என்றொரு வகை வருகிறது. 'போலியாக்கப்பட்டவை' என்று பொருள். இறைச்சி உண்ணக்கூடாத நோயாளிகளுக்காகவும், நோன்புக்காலத்தில் இறைச்சியை விலக்கிய கிறிஸ்தவர்களுக்காகவும், இறைச்சி ஆணத்தின் மணமும் புளிப்பும் குன்றாமல் காய்கறிகளை மட்டும் கொண்டு சமைத்தவை அவை. சுரைக்காயும் அவற்றில் உண்டு. நோயாளிக்கும் நாக்கு இருக்கிறது என்பதை அந்தச் சமையற்காரர்கள் மறக்கவில்லை. நம் வீடுகளிலோ நோயாளிக்கு உப்பும் புளியும் இல்லாமல் சுரைக்காயை வேகவைத்துக் கொடுத்து, அந்தக் காயின் மீது ஆயுட்கால வெறுப்பை ஊட்டிவிடுகிறோம்.

கத்திரிக்காய்க்கு நேர்ந்தது வேறு. மருத்துவர்களால் கசப்பென்றும் தீங்கென்றும் ஒதுக்கப்பட்ட அக்காய், 825-இல் கலீஃபா மஃமூனை மணந்த பூரான் அம்மையாரின் பெயரோடு இணைந்து புகழடைந்தது. உப்பிட்டுக் கசப்பை நீக்கி எண்ணெயில் பொரித்த கத்திரிக்காய் 'பூரானிய்யா' என்று பெயர் பெற்றது. நூறு கிராமுக்கு 25 கலோரி மட்டுமே உள்ள காய், எண்ணெயைப் பஞ்சு போல் உறிஞ்சியதும் பல மடங்கு கனத்துவிடுகிறது. நம் விருந்துக் கத்திரிக்காய்ப் பச்சடியும் இந்த வழியில்தான் செல்கிறது.

பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் 11-ஆம் நூற்றாண்டில் 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' என்ற நூலை முழுவதும் கட்டங்களாகவே எழுதினார். உணவின் பெயர், அதன் தன்மை, சிறந்த வகை எது, நன்மை, தீமை, அத்தீமைக்கு மாற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, பின்னர் இத்தாலியில் சுரைக்காய், வெள்ளரி ஓவியங்களோடு படியெடுக்கப்பட்டது. அந்த அமைப்பை அறிந்தபோது நம் சட்டைப்பையில் இருந்த மருத்துவரின் பட்டியல் நினைவுக்கு வந்தது. திமிஷ்கில் வாழ்ந்து 1350-இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிமும் நபிவழி மருத்துவம் பற்றி எழுதும்போது யக்தீனுக்கும் காடிக்கும் வெள்ளரிக்கும் தனித்தனிப் பத்திகள் ஒதுக்கினார்கள்.

நம் சமூகத்திலும் இதன் சுவடு அழிந்துவிடவில்லை. சில ஊர்க் களரிகளில் தால்ச்சாவில் பருப்போடும் எலும்போடும் சுரைக்காய் வேகிறது. ஆனால் அது நெய்ச்சோற்றின் ஓரத்தில் ஊற்றப்படும் பொருளாகவே நின்றுவிட்டது. சஹனில் உட்காரும் நால்வரும் இறைச்சியைத் தேடுவோமே தவிர, சுரைக்காயைத் தேடியவரை நாம் கண்டதில்லை. நாமும் தேடியதில்லை.

சென்ற மாதம் ஒரு ஜும்ஆ நாளில் வீட்டில் உப்புக்கண்டம் இட்டுச் சுரைக்காய் ஆணம் காய்ச்சச் சொன்னோம். இறக்கும்போது ஒரு கரண்டி காடி. தேங்காய்ப்பால் இல்லை, நெய் இல்லை. வாற்கோதுமை ரொட்டி நம் வீட்டாருக்குச் சரியாக வரவில்லை, ஓரங்கள் வெடித்துவிட்டன. ஒரே சஹனில் அமர்ந்தோம். உம்மா இரண்டு முறை ஆணம் கேட்டு வாங்கினார்கள். நமக்கும் உண்மையாகவே பிடித்திருந்தது. இளைய மகன் மட்டும் தன் பக்கம் வந்த சுரைக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக நம் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். அனஸ் (ரலி) அவர்களும் அன்று சுரைக்காயைத் தாம் உண்ணாமல் நபியவர்களின் முன் எடுத்து வைத்ததாக முஸ்லிமில் ஓர் அறிவிப்பு இருக்கிறது என்று அவனிடம் சொன்னோம். "அவங்க ஆசையா வச்சாங்க வாப்பா, எனக்குப் பிடிக்கல" என்றான். உப்புக்கண்டத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, சுரைக்காயை நாம் எடுத்துக்கொண்டோம்.