வாரண்ட் இல்லாத கைதில் கைப்பற்றிய பொருள் சாட்சியமாகுமா?

"வாரண்ட் காட்டாமல் பிடித்தார்கள், பையில் இருந்ததை எடுத்தார்கள். வழக்கு நிற்காதுதானே?" இப்படி நம்பிப் பல குடும்பங்கள் முதல் சில நாட்களை வீணாக்கி விடுகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் இங்கே தனிச் சட்டம் இருப்பதாக நினைப்போரும் உண்டு. குற்ற வழக்கு நடைமுறையில் அப்படி ஏதுமில்லை. 2024 ஜூலை 1 முதல் நாடெங்கும் உள்ள அதே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாதான். மேல்முறையீடும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே.

அச்சட்டத்தின் 35-வது பிரிவு, பல குற்றங்களில் வாரண்ட் இல்லாமல் கைது செய்யப் போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. சோதனையே முறைகேடாக நடந்திருந்தாலும், கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் ஏற்கலாம் என்று பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-லேயே கூறிவிட்டது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட சான்றைப் பொதுவாக ஒதுக்கிவிடுவார்கள். இங்கே அந்த விதி இல்லை. நமக்கு இது கசப்புதான்.

ஆனால் கதவு முழுதும் அடைபடவில்லை. போதைப்பொருள் வழக்கில் ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எடுத்த பொருளை, அவர் வைத்திருந்ததற்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்று பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் 1999-ல் தீர்ப்பளித்தனர். இது உடல் சோதனைக்குத்தான். கையில் இருந்த பைக்குப் பொருந்தாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. போதைப்பொருள் அதிகாரிகளிடம் கொடுத்ததும் அப்படியே என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020-ல் முடிவானது. ஆனால் அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும்.

ஆகவே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியவை இவை: கைதுக்கான காரணம் எழுத்தில் தரப்பட்டதா? 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா? கைப்பற்றியவற்றுக்கு ரசீது கொடுத்தார்களா? 105-வது பிரிவு சொல்லும் வீடியோ பதிவு எங்கே? மகஜரில் கையெழுத்திட்டவர்கள் அப்பகுதியைச் சேர்ந்தவர்களா, எல்லா வழக்கிலும் வரும் அதே சாட்சிகளா? செல்போனிலிருந்து எடுத்த தகவல்களுக்குச் சான்றிதழ் இருக்கிறதா?

அந்தப் பொருளை நீதிமன்றத்தில் சான்றாகக் குறியிடும்போதே ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மகஜர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டுவிட்டு மேல்முறையீட்டில் பேசினால் பலன் குறைவு. வீட்டிலிருப்போர், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எதை எடுத்தார்கள் என்பதை அன்றிரவே தேதியிட்டு எழுதி வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.