ஈய உலையும் புகைபோக்கியும்



பைராம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் புகை என்றால், 2022 சனவரியில் புலாவ் பூரோங் குப்பைமேட்டில் மூண்ட தீயைத்தான் சொல்வார்கள். ஆனால் பினாங்கு அறிந்த பழைய புகை வேறொன்று உண்டு. ஈயம் தந்த செல்வத்தை விரிவாகக் கூறும் நம் வரலாற்றுப் பாடங்கள், அதை உருக்கிய உலையின் புகையைப் பற்றி ஏனோ வாய் திறப்பதில்லை. (இங்கு ஈயம் என்பது வெள்ளீயம், நச்சுத்தன்மை மிக்க காரீயம் வேறு.)

பேராக் ஈயலம்பங்களில் கழுவியெடுத்த தாதுமணல் பினாங்கில் உருக்கப்பட்டது. 1897இல் லீ சின் ஹோ என்பவர் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய உலை, 1907இல் ஈஸ்டர்ன் சுமெல்டிங் நிறுவனமாயிற்று. டத்தோ கெராமாட் சாலையில் அது நின்ற இடத்தில் இன்று இருப்பது பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் வணிக வளாகம். நீரிணைக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1902இல் மற்றோர் உலையை நிறுவியது. இரண்டுமே மக்கள் குடியிருப்புகளை ஒட்டி இயங்கியவை.

வெள்ளீயத் தாது என்பது ஈயமும் உயிர்வளியும் சேர்ந்த சேர்மம். கரியோடு சேர்த்து 1,200 பாகைக்கு மேல் சூடேற்றினால் ஈயம் உருகிப் பிரியும். அவ்வெப்பத்தில் ஈயத்தின் ஒரு பகுதி ஆவியாகி, நுண்தூசியாய்ப் புகையோடு வெளியேறும். தாதுவில் ஆர்சனிக் கலந்திருந்தால் அதுவும் உடன் போகும். வெளியேறும் தூசியில் விலைமதிப்புள்ள ஈயம் இருப்பதால், அதைப் பிடித்து மீண்டும் உலையிலிடுவது முதலாளிக்கே இலாபம். இதற்கு எளிய வழி துணிப்பை வடிகட்டி. பாலை வடிகட்டுவதுபோல், குளிரவைத்த புகையை நீண்ட துணிப்பைகளின் வழியே செலுத்துவார்கள். குளிராத புகை துணியையே பொசுக்கிவிடும். அமெரிக்கரான பிரெடரிக் காட்ரெல், தூசிக்கு மின்னேற்றி உலோகத் தகட்டில் படியச்செய்யும் முறையை 1907 வாக்கில் உருவாக்கினார்.

விலைபோகும் தூசியைப் பிடிக்க ஆளுண்டு. விலைபோகாத வளிக்கு யார் பொறுப்பு? செம்பு உலைகளில் இக்கேள்வி பெரிதாகிறது. செம்புத் தாதுச்செறிவில் கந்தகம் ஏறத்தாழ 30 விழுக்காடு. 100 டன் தாதுவை உருக்கினால் சுமார் 60 டன் கந்தக டை ஆக்சைடு எழும். கனடாவின் சட்பரி நகரில் 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கியைக் கட்டினார்கள். ஊர்ப் புகை குறைந்தது. வளி தொலைதூரம் சென்று இறங்கியது. அது தீர்வென்று நான் ஒப்பேன். அவ்வளியைக் கந்தக அமிலமாக்கி விற்பதே மேலான வழி. வளி செறிவாக இருந்தால்தான் அது இயலும். நீர்த்த வளியைச் சுண்ணாம்புப் பாலில் கழுவ வேண்டும். ஈய உலைக்குப் பொருந்துவது பெரும்பாலும் இக்கழுவுமுறையே.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் செம்பு ஆலையிலும் அமில ஆலை இருந்தது. ஆயினும் 2013 மார்ச் 23 காலையில் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டதாக மக்கள் முறையிட்டனர். ஆலை மூடப்பட்டு, சில வாரங்களில் மீண்டும் திறந்தது. அதற்கு முந்தைய மாசுக்காக உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 2 அன்று 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2018 மே 22இல் எதிர்ப்பு ஊர்வலத்தின்போது காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். அம்மாதம் 28இல் தமிழக அரசு ஆலையை மூட ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29இல் நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளிற்று.

கருவி இருப்பது ஒன்று. அது நாள்தோறும் ஓடுகிறதா என்பது வேறொன்று. மலேசியாவின் 2014ஆம் ஆண்டுத் தூய காற்று விதிமுறைகள், 1978ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பதிலாக வந்தவை. புகைபோக்கியில் அளவி பொருத்தி, அதன் கணக்கைச் சுற்றுச்சூழல் துறைக்கு அனுப்புவதையும் அவை வலியுறுத்துகின்றன. அக்கணக்கு உலையை ஒட்டி வாழும் குடும்பங்களின் கண்ணுக்கும் எட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.