ஹவாயின் பிஜினும் பள்ளிக்கூடம் தந்த இழிவும்

ஹவாய்த் தீவுகளில் பிஜின் எனப்படும் கலப்பு மொழியைப் பேசுவது படிக்காதவரின் அடையாளம் என்ற எண்ணம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது. அது அரைகுறை ஆங்கிலம், ஆகவே மதிப்பில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் அந்த மொழி பிறந்து வளர்ந்த வரலாறு வேறு காரணத்தைக் காட்டுகிறது. பிஜினுக்கு இழிவு வந்தது அதன் இலக்கணத்தால் அல்ல. சட்டமும் பள்ளிக்கூடமும் அந்த இழிவை உண்டாக்கின.

1835-இல் கௌவாய் தீவின் கோலோவாவில் சர்க்கரைத் தோட்டம் தொடங்கியது. அதற்குப் பின் சீனர், போர்த்துகீசியர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள் என ஒப்பந்தக் கூலிகள் அடுத்தடுத்து வந்து இறங்கினர். தொடக்கத்தில் இவர்களுக்குள் பாலமாக இருந்தது ஹவாய் மொழியும் அதிலிருந்து கிளைத்த கலப்புப் பேச்சும்தான். 1893-இல் ஹவாயின் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. கூலி லயங்களிலும் பள்ளி மைதானங்களிலும் ஒன்றாக விளையாடிய பல இனக் குழந்தைகள் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு தங்களுக்கென ஒரு பேச்சை வளர்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பலருக்குத் தாய்மொழியே ஆகிவிட்டது.

1924 முதல் 'ஆங்கிலத் தரப் பள்ளிகள்' என்ற தனிப் பிரிவு அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஏற்படுத்தப்பட்டது. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் இடம். வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எளிதில் உள்ளே போனார்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. இனத்தின் பெயரைச் சொல்லாமலே இனத்தைப் பிரித்த சல்லடை அது. அதை மூடும் சட்டம் 1949-இல்தான் வந்தது. கடைசி மாணவர்கள் படித்து முடித்தது 1960-இல்.

பிஜினுக்கு இலக்கணமே இல்லை என்பார்கள். ஆனால் பிஜினில் 'ஐ ஸ்டே ஈட்' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'ஐ வென் ஈட்' என்றால் சாப்பிட்டேன். 'ஐ கோ ஈட்' என்றால் சாப்பிடுவேன். ஓரிடத்தில் இருப்பதைக் குறிக்கும் 'ஸ்டே' என்ற வினை, நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டும் துணைவினையாகிறது. தமிழின் 'இரு' செய்யும் வேலையும் இதுதான். வினைக்கு வினை மாறாமல் நிற்கும் இந்த ஒழுங்கைக் கொச்சை என்று தள்ள முடியாது.

பிஜின் பேசினால் வேலை கிடைக்காது என்ற கவலை வலுவானது. 1980-களில் வானிலைத் துறையில் வானொலி அறிவிப்புப் பணி மறுக்கப்பட்ட உள்ளூர் ஊழியர்கள், தங்கள் உச்சரிப்புக்காகவே ஒதுக்கப்பட்டோம் என்று வழக்குத் தொடுத்துத் தோற்றார்கள். ஆனால் அங்கே தடையாக நின்றது அவர்கள் பேச்சின் மீதான மதிப்பீடு. அதை மாற்றாமல் பேசுபவரையே குறைசொல்வது நியாயமில்லை. பிஜின் ஆங்கிலக் கல்வியைக் கெடுக்கிறது என்ற வாதத்துக்கும் வரலாற்றில் பதில் உண்டு. நல்ல ஆங்கிலம் புழங்கும் பள்ளிகளின் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்ற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று அவர்கள் தாய்மொழி மீது பழி போடுவது எப்படிச் சரியாகும்?

1987-இல் கல்வி வாரியம் வகுப்பறையில் பிஜினுக்கு இடமில்லை என்ற கொள்கையை முன்வைத்தபோது, எதிர்ப்புக் கிளம்பி அது தளர்த்தப்பட்டது. 2015-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிட்ட, வீடுகளில் பேசப்படும் மொழிகளின் பட்டியலில் ஹவாய் பிஜினும் இடம்பெற்றது. பிஜின் பேசும் குழந்தைக்கு ஆங்கிலத்தையும் நன்றாகக் கற்பிப்பது பள்ளியின் கடமை. அதன் பெயரால் அக்குழந்தையின் தாய்மொழியை அவமதிக்கும் உரிமை எந்தப் பள்ளிக்கும் கிடையாது.