துப்பாயா வரைந்த கடல்

தாகித்தியையும் அதனைச் சூழ்ந்த தீவுகளையும் நடுவில் வைத்து 1769, 1770ஆம் ஆண்டுகளில் மையால் வரையப்பட்ட ஒரு கடற்படம், எழுத்தும் திசைகாட்டியும் இன்றிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்த பாலினேசிய மக்களின் அறிவு தாளில் பதிவான மிக அரிய சான்றாகும். அதற்கு மூலமானவர் துப்பாயா. ராயியாத்தேயா தீவில் பிறந்து, அங்குள்ள தப்புத்தப்புவாத்தேயா மராயேயில், அதாவது கல் பரப்பிய திறந்தவெளி வழிபாட்டிடத்தில், பூசகராக விளங்கிய அவர் கடல்வழி அறிந்த மீகாமனும் ஆவார். போராபோரா வீரர்கள் தம் தீவைக் கைப்பற்றியபின் தாகித்தியில் அடைக்கலம் புகுந்திருந்த அவர், சூரியனை வெள்ளி கடக்கும் நிகழ்வைக் காண ஜேம்ஸ் குக்கின் தலைமையில் வந்திருந்த எண்டெவர் கப்பலில் 1769 ஜூலையில் ஏறினார்.

அவர் கற்றிருந்த கலையின் அடிப்படை விண்மீன் பாதை என்பதாகும். ஒரு தீவு எத்திசையில் உள்ளதோ அத்திசையில் அடிவானத்தில் எழும் விண்மீனை நோக்கிப் படகைச் செலுத்துவர். அது உயர்ந்து திசைகாட்டப் பயன்படாமற் போகும்போது, அதே இடத்தில் அடுத்து எழும் மீனைப் பற்றிக்கொள்வர். இவ்வாறு ஓர் இரவு முழுவதற்கும் உரிய மீன்களின் வரிசை மனப்பாடமாக இருந்தது. வடக்கே வாழ்வோருக்குக் கிடைத்த துருவ மீன் தென்கடலில் தெரிவதில்லை என்பதை நினைத்தால், இம்மனப்பாடத்தின் அருமை விளங்கும். பகலில் கதிரவனும், தொலைவிலிருந்து இடையறாது வரும் நெடிய அலைகளின் போக்கும், காலையில் கரையை விட்டுக் கடலுக்குச் சென்று மாலையில் திரும்பும் ஆலாக்களும் வழிகாட்டின. எண்டெவர் எத்தனை முறை திரும்பினாலும் தாகித்தி எப்பக்கம் உள்ளது என்பதைத் துப்பாயாவால் சுட்டிக்காட்ட முடிந்தது என்ற செய்தி பதிவாகியுள்ளது.

இத்தகைய அறிவைத் தாளில் இறக்கியபோதுதான் சிக்கல் தோன்றியது. குக்கின் கைப்படியில் 74 தீவுகள் உள்ளன. ஐரோப்பியர் அறிந்த தீவுகள் சில உரிய இடத்தில் நிற்க, அவர்கள் அறியாதிருந்த பல தீவுகள் வடக்கும் தெற்கும் மாறிக் கிடப்பனபோல் தோன்றின. காற்றின் பெயர்களை, அது வரும் திசைக்கு உரியவையா செல்லும் திசைக்கு உரியவையா என்று தெளியாமல் ஆங்கிலேயர் கையாண்டதே இதற்குக் காரணம் என 1846இல் அமெரிக்க அறிஞர் ஹொரேசியோ ஹேல் விளக்கினார். அவ்விளக்கம் பிழையைத் துப்பாயாவிடமிருந்து நீக்கியது எனினும், படத்தை மேலிருந்து நோக்கும் ஐரோப்பியக் கண்ணோட்டத்தை அதுவும் விடவில்லை.

படத்தைப் பற்றிய ஐயம் பாலினேசியரின் கடலறிவைப் பற்றிய ஐயமாகவே வளர்ந்தது. 1956இல் நியூசிலாந்து வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ ஷார்ப், பாலினேசியர் தொலைதூரத் தீவுகளைத் திட்டமிட்டுச் சென்றடையவில்லை, வழிதவறியே சேர்ந்தனர் என்று வாதிட்டார். இதற்கு மறுமொழி கடலிலிருந்தே வந்தது: கரோலைன் தீவுகளைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் 1976இல் ஹோக்கூலேயா என்னும் இரட்டை உடற்படகை எக்கருவியுமின்றி ஹவாயிலிருந்து தாகித்திக்குச் செலுத்திச் சேர்த்தார்.

படத்தைப் பற்றிய புதிய விளக்கம் ஒன்றை லார்ஸ் எக்ஸ்டைன், அன்யா ஷ்வார்ட்ஸ் ஆகிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2019இல் முன்வைத்தனர். படத்தின் நடுவில் கோடுகள் வெட்டும் இடத்தில் 'அவாத்தேயா' என்று எழுதப்பட்டுள்ளது. அது கதிரவன் உச்சியில் நிற்கும் நண்பகலைக் குறிக்கும் தாகித்தியச் சொல். தென்கோளத்தின் அப்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகற் கதிரவன் வடக்கே நிற்பதால், எத்தீவில் நிற்பவருக்கும் அத்தீவிலிருந்து படத்தின் நடுவை நோக்கிய கோடே வடதிசை என்றும், அடுத்துச் செல்லவேண்டிய தீவு அக்கோட்டிற்கு எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதையே படம் காட்டுகிறது என்றும் அவர்கள் கூறினர். வடக்கை எப்போதும் மேற்புறத்தில் வைக்கும் ஐரோப்பிய முறைக்குப் பழகியோரும் பயன்படுத்தும்படி, தம் முறையை அதே தாளில் துப்பாயா அமைத்துத் தந்தார் என்பதே இதன் பொருள். இவ்விளக்கத்தின் ஒவ்வொரு கூறும் ஏற்கப்படவேண்டும் என்பதில்லை. ஆனால் படத்தை அதனை வரைந்தவரின் நிலையிலிருந்து நோக்கியதே அதன் பெருஞ்சிறப்பு.

நியூசிலாந்தில் மாவோரி மக்களுடன் பேச மொழிபெயர்ப்பாளராகவும் விளங்கிய துப்பாயா, 1770 டிசம்பரில் பட்டாவியாவில் நோயுற்று இறந்தார். அவர் கைப்பட வரைந்த மூலப்படம் இன்று இல்லை. குக்கின் படி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அப்பயணத்தின் ஓவியங்களுள், மாவோரி ஒருவர் கடல் இறாலைத் தந்து துணி பெறும் காட்சியைத் தீட்டியவர் துப்பாயாவே என்பதும் 1997இல்தான் எண்டெவரில் உடன் சென்ற ஜோசப் பேங்க்ஸின் கடிதம் ஒன்றால் உறுதியானது. கடலறிவின் வரலாற்றில் குக்கின் பெயருக்கு நிகராகத் துப்பாயாவின் பெயரும் எழுதப்படவேண்டும்.