ஒலிக்கோப்பின் தலையெழுத்து

பழைய சாசனமொன்றை ஆராயப் புகும் வரலாற்றாசிரியன் முதற்கண் நோக்குவது அதன் தொடக்கத்தையே. மங்கல மொழியை அடுத்து வரும் மெய்க்கீர்த்தியின் முதற்றொடர், அரசன் இன்னான் என்பதைப் பெரும்பாலும் உணர்த்திவிடும். கல்லின் அருகே பிற்காலத்தார் நாட்டிய அறிவிப்புப் பலகை பிழைபடலாம். கல்லிற் பொறித்த எழுத்து எளிதிற் பொய்யாது. முன்னது புறச்சான்று, பின்னது அகச்சான்று. இவ்வேறுபாடு கணினியிற் சேமித்த ஒலிக்கோப்புகளுக்கும் பொருந்துவதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளில் என்னை ஈடுபடுத்தியது ஒரு சிறு நிகழ்ச்சி. வலப்பனைப் பகுதித் தோட்டமொன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும், அவருடைய பேர்த்தியாகிய என் மாணவி கையடக்கத் தொலைபேசியிற் பதிவு செய்திருந்தாள். மூதாட்டி காலமானார். சில மாதங்களில் நினைவக அட்டையும் பழுதுற்றது. கணினி அதனைச் செப்பஞ் செய்தபோது கோப்புகளின் பெயர்கள் யாவும் அழிந்தன. வரிசையெண்ணும் 'சீஎச்கே' என்னும் விகுதியுமே எஞ்சின. ஒன்றேனும் ஒலிக்கவில்லை. பயனற்றவை, அழித்துவிடலாம் என்றே அறிந்தோர் சிலர் கூறினர்.

கோப்பின் பெயரும் விகுதியும் நாம் ஒட்டும் சீட்டுகளே. சீட்டுக் கிழிந்தமையாற் பொருள் அழிந்துவிடாது. கோப்பு என்பது 0 முதல் 255 வரையான எண்களின் நெடிய வரிசை. அவ்வெண் ஒவ்வொன்றும் ஒரு பைற்று எனப்படும். வரிசையின் தலைப்பில், நாம் ஏட்டின் முகப்பில் இடும் பிள்ளையார் சுழிபோல, ஒரு குறி அமைந்திருக்கும். அக்குறியைக் கொண்டு கோப்பின் இனத்தை அறியும் ஏற்பாடு புதியதன்று. யூனிக்ஸ் இயக்கத்தொகுதியின் 1973ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அதற்கெனக் கட்டளையொன்று அமைந்தது.

ஒலிக்கோப்புகளின் குறிகளிலே ஒரு குடிவழியைக் காணலாம். 1985இல் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் நான்கு எழுத்துக் குறியும் அதன்பின் நீள அளவும் அமைந்த ஒரு பொது வடிவை வகுத்தது. அதனைத் தழுவி 1988இல் அப்பிள் நிறுவனம் தன் ஒலி வடிவை அமைத்தது. 1991இல் மைக்ரோசொப்டும் ஐபிஎம்மும் அதே முறையைப் பின்பற்றி 'ரிஃப்' என்னும் கொள்கலத்தை உருவாக்கின. 'வேவ்' கோப்பு இதனைச் சார்ந்தது. 82, 73, 70, 70 என்பன அதன் முதல் நான்கு எண்கள். ஆயின் அப்பிள் வடிவு நீளத்தைப் பெரும் இலக்கம் முன்வர எழுதும். ரிஃப் சிறு இலக்கம் முன்வர எழுதும். முன்னது மோட்டொரோலாச் செயலியின் வழக்கு. பின்னது இன்ரெல் செயலியின் வழக்கு. எழுத்தின் அமைதி கொண்டு கல்வெட்டின் நாட்டை உய்த்துணர்தல் போல்வது இது.

'எம்பி3' இக்குடியைச் சார்ந்ததன்று. 1993இல் வெளியான எம்பெக் தரத்தில் தோன்றிய இவ்வடிவு ஓடும் ஒலியாகவே கருதப்பட்டது. வானொலியை இடையிலே திறப்பவனுக்கும் நிகழ்ச்சி கேட்க வேண்டுமன்றோ? ஆதலின் ஒலி சிறு சிறு துண்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டத்தின் தலையிலும் பதினொரு ஒன்றுகள் தொடர்ந்த இருமக் குறி இடப்பட்டது. பாடியவர் பெயரைக் குறிக்கும் சீட்டு 1996இற் கோப்பின் வாலிலே, இறுதி 128 பைற்றுகளில், சேர்ந்தது. 1998இலேதான் அது தலைக்கு ஏறியது.

எனினும் தலைக்குறியொன்றையே கண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது. ரிஃப் என்னும் கொள்கலத்திற் சலனப்படமும் அடங்கும். ஒன்பதாம் பைற்று முதற் பன்னிரண்டாம் பைற்று வரை வாசித்தாலன்றி ஒலியோ படமோ எனத் துணிய இயலாது. யுனிக்கோட் முறையில் எழுதிய தமிழ்க் கட்டுரையொன்று 255, 254 என்று தொடங்குதல் உண்டு. பதினொரு ஒன்றுகளை மட்டும் எண்ணுவோன் அதனையும் எம்பெக் ஒலியென மயங்குவான். துண்டத்தின் நீளத்தைக் கணித்து, அடுத்த குறி உரிய இடத்தில் வருகின்றதா எனப் பன்முறை நோக்கித் துணிவதே முறை. ஒரு சான்றை மற்றொரு சான்றால் உறுதிசெய்தல் வரலாற்று மாணவர்க்குப் புதிய பாடமன்று.

இம்முறைப்படி யாம் அக்கோப்புகளைத் திறந்து நோக்கினோம். பலவற்றின் தலையில் 35, 33, 65, 77, 82 என்னும் எண்கள் நின்றன. அவற்றுள் இறுதி மூன்றும் ஏ, எம், ஆர் என்னும் எழுத்துகள். தொலைபேசிப் பேச்சுக்கென 1999இல் ஏற்கப்பட்ட வடிவு அது. உரிய விகுதியை இட்டவுடன் மூதாட்டியின் குரல் எழுந்தது. பேச்சுக்கென அமைந்த வடிவாதலாற் குரல் மெலிந்தே கேட்டது. இழந்த நயத்தை வடிவ மாற்றம் மீட்டுத் தராது. ஆகவே மூலக்கோப்பை மாற்றாது பேணி, படியொன்றையே பயன்பாட்டுக்கு எடுத்தோம்.

ஒரு பாடலைக் கேட்ட மாணவியின் தாயார், "இது எங்கம்மா குரல் இல்லீங்க சார், பக்கத்து லயத்துப் பாட்டி" என்றார். எந்தப் பைற்றும் அதனை எமக்குச் சொல்லியிருக்கவில்லை. தலைக்குறி வடிவைக் காட்டும், பாடியவரைக் காட்டாது. அந்தத் தாயாரும் இல்லாதிருப்பின் அக்குரல் பெயரற்றதாகவே நின்றிருக்கும்.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்கள் பாடல்களை எழுத்திலே தொகுத்து உதவினார். ஏடு சொல்லைக் காத்தது. குரலைக் காத்தல் ஏட்டுக்கு இயலாதது. அப்பணி இன்று கோப்புகளிடம் வந்துள்ளது. ஆதலின் மாணவர்க்கு யான் கூற விழைவன இரண்டு. திறவாத கோப்பை அதன் தலையெழுத்தை வாசிக்குமுன் அழித்துவிடாதீர்கள். பதிவு செய்யும்போதே பாடுவோர் பெயரையும் தோட்டத்தையும் நாளையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து பதியுங்கள். சீட்டுக் கிழிந்தாலும் அகச்சான்று நிற்கும்.