உருவப்படத்திற்கும் ஒரு ஸனது

சில ஆண்டுகளுக்கு முன், கோவை கோட்டைமேட்டில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் பழைய இல்லத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முற்பட்டார். பரணிலிருந்து இறக்கிய பொருள்களுக்கிடையே, எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பெரியவர் ஒருவரின் உருவப்படம் கிடைத்தது. தலைப்பாகையும் வெண்தாடியும் கூர்ந்த பார்வையுமாக, இப்பொழுதே வாய் திறந்து பேசுவார் போலிருந்தார். “ஹஜ்ரத், இவர் எங்கள் பாட்டனாரின் தந்தையா, அவருடைய தமையனாரா என்று சொல்ல வீட்டில் இன்று ஒருவரும் இல்லை” என்றார் மாணவர். படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பெயரில்லை, ஆண்டில்லை, வரைந்தவர் குறிப்புமில்லை. முகம் எஞ்சியிருந்தது, மனிதர் மறைந்து போயிருந்தார்.

அன்று எழுந்த எண்ணமே இக்கட்டுரைக்கு வித்து. மாந்தரின் உருவப்படங்களைத் தேடித் தொகுப்பதும் வரிசையாக அமைத்துக் காட்டுவதும் அரசர்களின் வீண்பெருமைதானா? அன்றி, அதனால் வரலாற்றுக்கு ஆக்கமுண்டா? உண்டெனின், அதற்குரிய நிபந்தனை யாது?

கொங்கு நாடு கி.பி. 1799 வரை மைசூர் அரசின் கீழ் இருந்தது. ஆதலின் நம் வரலாற்றோடு ஒட்டிய உருவ வரிசை ஒன்றைக் காண விரும்புவோர், சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலையேறி, மைசூரைக் கடந்து சீரங்கப்பட்டணம் செல்ல வேண்டும். அங்கே திப்பு சுல்தான் கி.பி. 1784ல் கட்டிய தரியா தௌலத் மாளிகை இருக்கிறது. அதன் மேற்குச் சுவரில், கி.பி. 1780ல் கர்னல் பெய்லியின் படை தோற்ற பொள்ளிலூர்ப் போர் விரிவாகத் தீட்டப்பட்டுள்ளது. கிழக்குச் சுவரிலோ அடுக்கடுக்காக ஆட்சியாளர்களின் உருவங்கள். தஞ்சை அரசர், காசி அரசர், பேஷ்வா பாலாஜி ராவ், சித்திரதுர்க்கத்து மதகரி நாயகர், மாகடி கெம்பே கௌடர் ஆகியோரை அங்கே அடையாளம் காட்டுகின்றனர். மைசூரின் நெடுநாட் பகைவரான ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவும் அவர்களிடையே இருப்பதாகக் கூறுவர். பகைவனுக்கும் தன் சுவரில் இடமளித்த பெருமிதத்தை எண்ணி வியக்கலாம்.

ஆனால் வரலாறு கற்போன் வியப்போடு நின்றுவிடலாகாது. அவ்வரிசையில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் உள்ளார் என்கின்றனர். அவர் பிறந்ததோ கி.பி. 1794ல், அரியணையில் அமர்த்தப்பட்டது 1799ல். பத்தாண்டு முன்னரே எழுந்த மாளிகையின் சுவரில் அவர் எங்ஙனம் இடம்பெற்றார்? விடை அச்சுவரின் கதையிலேயே உள்ளது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஓவியங்களின் மீது வெண்சுண்ணம் பூசப்பட்டது. திப்பு வீழ்ந்தபின் அங்குத் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி அவற்றை மீட்டுத் தீட்டுவித்தார். பின்னர் கி.பி. 1855ல் டல்ஹௌசி பிரபுவின் ஆணைப்படி மீண்டும் புதுப்பித்தனர். எனவே இன்று நாம் காணும் முகங்களுள் எவை திப்புவின் கண் கண்டவை, எவை பின்வந்தோர் கைபட்டவை என்று பிரித்தறிய வேண்டியுள்ளது.

மத்ரஸாவில் ஹதீஸ் ஓதியவர்க்கு இந்நிலை புதிதன்று. ஒரு செய்தி நம் கையில் வந்ததும், அதன் வாசகத்தைப் பார்க்குமுன் ஸனதைப் பார்ப்போம். யார் கண்டார்? யாரிடம் சொன்னார்? இடையில் தொடர் அறுந்ததா? உருவப்படத்திற்கும் இதே விசாரணை பொருந்தும். ஓவியர் அம்முகத்தை நேரிற் கண்டாரா, மற்றொரு படத்தைப் பார்த்து எழுதினாரா, கேள்வியையும் கற்பனையையும் கொண்டு தீட்டினாரா?

படங்களைத் தொகுத்த பேரரசர்கள் இதனை அறியாதவரல்லர். அக்பர் தம் அரசின் பெருமக்கள் அனைவரின் உருவங்களையும் எழுதுவித்து ஒரு பெருந்தொகுப்பாக்கினார் என்று அபுல் ஃபஸ்ல் எழுதியுள்ளார். அவர் மைந்தர் ஜஹாங்கீர் ஒரு படி மேலே சென்றார். கி.பி. 1613ல் ஈரானுக்குக் கான் ஆலம் தலைமையில் தூதுக்குழுவை அனுப்பியபோது, ஷா அப்பாஸை நேரிற் கண்டு வரைந்து வருமாறு ஓவியர் பிஷன்தாஸையும் உடனனுப்பினார். படம் வந்து சேர்ந்ததும், ஷாவின் பணியாளர்களிடம் காட்டி, ‘மிகவும் ஒத்திருக்கிறது’ என்ற சான்றைப் பெற்றதாகத் தம் நினைவுக் குறிப்பில் பதிந்தும் வைத்தார். கண்டவர் வரைந்தார், அறிந்தவர் ஒப்பினர். இதனினும் தெளிவான ஸனது வேறென்ன வேண்டும்?

துருக்கியிலும் இத்தகைய தேட்டம் இருந்தது. கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, வெனிஸ் நகரத்து ஜெண்டிலே பெல்லினியை வரவழைத்துத் தம்மை வரையச் செய்தார். கி.பி. 1480 எனத் தேதியிட்ட அப்படம் பிற்காலத்தில் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தை அடைந்தது. ஒரு நூற்றாண்டு சென்றபின், உஸ்மானியச் சுல்தான்களின் உருவங்களைத் தொகுக்க விரும்பிய அரசவை, முன்னோரின் முகங்களைத் தன் நாட்டில் போதிய அளவு காணவில்லை. வஸீர் ஸொகொல்லு முஹம்மது பாஷா வெனிஸிலிருந்து படங்களைத் தருவித்தார். அவற்றை ஒப்புநோக்கி, கி.பி. 1579ல் லுக்மான் உரையெழுத, நக்காஷ் உஸ்மான் பன்னிரு சுல்தான்களையும் வரைந்தார். மேனாட்டுப் பாணியில் நிழலும் ஒளியுமாய் அமைந்த முகங்கள், கீழ்நாட்டுச் சிற்றோவியத்தின் தெளிந்த கோடுகளுக்குள் வந்து அமர்ந்தன. பாணி மாறிற்று, ஆளை அடையாளம் காட்டும் குறிகளைக் காப்பதே நோக்கமாயிருந்தது.

இனி, தமிழகத்தின் பக்கம் திரும்புவோம். ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவை டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் ஆகிய ஆங்கிலேய, ஸ்காட்லாந்து ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் முழு உருவமாகத் தீட்டினர். கெட்டில் வரைந்த நவாபின் குடும்பப் படம் கி.பி. 1771ல் இலண்டனில் பார்வைக்கு வைக்கப்பட்டது. கம்பெனியாரிடம் கடன்பட்டிருந்த நவாப், தம் அரசத் தோற்றத்தையேனும் அயல்நாட்டார் கண்முன் நிலைநிறுத்த முயன்றார் எனலாம்.

திப்புவின் மைந்தர்களுக்கோ அத்தெரிவும் இல்லை. கி.பி. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதன்பின் அங்குச் சென்ற அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி, தந்தையை இழந்து சிறைப்பட்ட அம்மைந்தர்களை வரைந்தார். அவர்கள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். 1806ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் கல்கத்தாவுக்குப் பெயர்க்கப்பட்டனர். ஹிக்கி தீட்டிய அவர்தம் உருவங்களும் கல்கத்தாவையே அடைந்து, விக்டோரியா நினைவகத்தில் இடம்பெற்றன. வென்றவர் தொகுத்த வரிசை அது. எனினும் நேரிற் கண்டு வரைந்தமையால், தோற்றவர்க்கும் அது சான்றாயிற்று. தொகுத்தவர் எண்ணம் யாதாயினும், ஸனது சீராக இருப்பின் உண்மை ஒருநாள் பேசும்.

இங்கு ஒரு வினா எழும். உயிருள்ளவற்றின் உருவம் வரைதலை மார்க்க அறிஞர் பலர் விலக்கியுள்ளனரே, ஆலிம் ஒருவர் இதனைப் பேசலாமா என்பர். அவ்விலக்கை நான் இலேசாகக் கருதுபவனல்லன். அவ்வுணர்விலிருந்தே நம் முன்னோர் மற்றொரு வழியைக் கண்டனர். நபி பெருமானார் (ஸல்) அவர்களின் தோற்றத்தை ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் வருணித்த சொற்களை, ஹாஃபிள் உஸ்மான் என்னும் துருக்கியக் கலைஞர் (மறைவு கி.பி. 1698) அழகிய எழுத்தணியாக அமைத்தார். ‘ஹில்யா’ எனப்படும் அதனை இல்லங்களில் மாட்டினர். கோடு வரைய அஞ்சிய இடத்தில் சொல் வரைந்தது. அவ்வாறே இப்னு கல்லிகான் (மறைவு கி.பி. 1282) எண்ணூறுக்கும் மேற்பட்ட பெருமக்களின் வாழ்வை ஒரே நூலில் தொகுத்தார். மறைந்த ஆண்டு தெரிந்தவர்க்கே அதில் இடமளிப்பது அவர் வகுத்த நெறி. அதுவும் ஒரு கூடமே, சுவர்தான் தாளாயிற்று.

எகிப்தின் முஃப்தி முஹம்மது அப்துஹு (மறைவு கி.பி. 1905) சிசிலித் தீவுக்குச் சென்றதைப் பற்றி எழுதுகையில், மேனாட்டார் படங்களைப் பேணுவதை அரபிகள் தம் பழங்கவிதைகளைப் பேணியதோடு ஒப்பிட்டார். வழிபாட்டுக்கு இடமின்றி, அறிவைக் காக்கும் படத்தைக் குறை கூறலாகாது என்பது அவர் கருத்து. ஏற்பாரும் மறுப்பாரும் உளர். ஆயினும் இருசாராரும் ஒன்றில் இணையலாம்: பெயரற்ற படம் அறிவைக் காக்காது.

மீண்டும் கோவைக்கு வருவோம். தென்னிந்திய நெசவாலை ஆராய்ச்சிச் சங்கத்தின் முதல் இயக்குநரும் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவருமான கஸ்தூரி சீனிவாசன் பெயரால், அவினாசி சாலையில் ஓவியக்கூடம் ஒன்று அமைந்துள்ளது. பஞ்சும் நூலும் பேசும் நகரில் ஓவியத்திற்கும் ஒரு கூரை வேண்டுமென நினைத்தது பாராட்டத்தக்கது. அவர் மொழிபெயர்த்த வள்ளுவருக்கு, கண்டவர் வரைந்த முகம் எதுவுமில்லை. கே. ஆர். வேணுகோபால் சர்மா கற்பனையில் தீட்டிய திருவுருவமே கி.பி. 1964ல் சட்டமன்றத்தில் டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களால் திறந்துவைக்கப்பட்டு, தமிழர் நெஞ்சில் நிலைத்தது. அதில் குற்றமில்லை; கற்பனையைக் கற்பனை என்று அறிந்தே போற்றுகிறோம். கண்டு வரைந்ததையும் எண்ணி வரைந்ததையும் ஒரே சுவரில் மாட்டலாம். எது எது என்று அடியில் எழுதாமல் விடுவதே பிழை.

கொங்கு நாட்டின் பழைய வீடுகள் நாள்தோறும் இடிபடுகின்றன. பண்ணைக்காரர், வணிகர், ஆசிரியர், ஆலிம் எனப் பலரின் முகங்கள் சட்டத்தோடு பழைய சாமான் கடைக்குப் போகின்றன. அவற்றையெல்லாம் வாங்கிக் கூடமமைக்கச் செல்வம் வேண்டும். பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும், சொன்னவர் இன்னார் என்பதும் எழுத ஓர் எழுதுகோல் போதும்.

என் மாணவர் அப்படத்தைத் துடைத்துப் புதிய இல்லத்தில் ஓர் அலமாரியில் வைத்துள்ளார். அதன் பின்புறத்தில், “கோட்டைமேட்டு இல்லத்துப் பரணில் கிடைத்தது. எங்கள் முன்னோர் எனக் கருதப்படுகிறார். பெயர் தெரியவில்லை” என்று எழுதி, தம் பெயரும் தேதியும் இட்டார். அறுந்த தொடரை அவரால் ஒட்ட இயலவில்லை. எங்கே அறுந்தது என்பதையேனும் பின்வருவோர்க்கு உண்மையாகச் சொல்லிவிட்டார். ஸனதின் முதற்கடமை அதுவே.