பிளம் கேக்கில் இரண்டு முந்திரி

டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சாமான் வாங்கக் கம்பத்திலிருந்து மலையேறும் ஒருவர், குமுளிக் கடையில் "கால் கிலோ முந்திரி" என்று கேட்டால், மலையாளக் கடைக்காரர் உலர்திராட்சையை நிறுத்துத் தருவார். அங்கே முந்திரி என்றால் திராட்சைதான். 1986-இல் வந்த பத்மராஜனின் 'நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்' படப் பெயரைக் கேட்டுப் பண்ருட்டிக்காரர் தம் ஊர்த் தோப்பை நினைத்தால் ஏமாந்துபோவார்.

மலையாளி வைத்திருப்பது பழைய பொருள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் நாம். திராட்சையைக் குறித்த வடசொல் 'மிருத்வீகா'வே தமிழில் முந்திரிகை ஆயிற்று என்பர். (பின்னக் கணக்கில் 1/320-ஐக் குறிக்கும் முந்திரியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து புது மரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் அதைக் 'காஜு' என்றார்கள். மலையாளம் அந்தப் பெயரையே வாங்கிக் 'கசுவண்டி' ஆக்கியது. மரத்துக்குப் 'பறங்கிமாவு' என்றும் பேர் வைத்தது. தமிழோ கையிலிருந்த பெயரையே நீட்டியது: கொடியில் காய்ப்பது கொடிமுந்திரி, கொட்டைக்காக வளர்ப்பது கொட்டைமுந்திரி. பிறகு திராட்சை என்ற இன்னொரு வடசொல் பழக்கடையைப் பிடித்துக்கொள்ள, கொடிமுந்திரி வழக்கொழிந்தது. பிரித்துச் சொல்லும் தேவை போனதும் கொட்டைமுந்திரி தன் 'கொட்டை'யை உதிர்த்துவிட்டு வெறும் முந்திரியாக நின்றது. யாழ்ப்பாணத்தில் இந்தக் குழப்பமே இல்லை: மரமுந்திரிகை, அல்லது கஜு.

பழைய பொருளுக்கு நம்மிடமும் ஒரு சாட்சி உண்டு. குமரி, நெல்லைப் பக்கம் பண்டிகைக்குச் சுடும் முந்திரிக்கொத்தில் ஒரு முந்திரிப் பருப்புகூடக் கிடையாது. வறுத்த பாசிப்பயறும் வெல்லப்பாகும்தான். உருண்டைகளை மும்மூன்றாக மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டால் திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொண்டு வரும். பெயர் அதனால் வந்தது என்றே நினைக்கிறேன்.

கேக்குக்கு வருவோம். பிளம் கேக்கில் பிளம்ஸ் பழம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சைக்கும் பிளம் என்றே பெயர். அந்த வழக்கு யாழ்ப்பாணச் சமையலில் இன்றும் 'பிளம்ஸ்' என்று வாழ்கிறது. ஆக, மூணாறு தேயிலை மலைகளில் பிளம் கேக் என்று விற்பது, மலையாளக் கணக்கில் முந்திரிக் கேக். ரம்மிலோ பழச்சாற்றிலோ ஊறிய கிஸ்மிஸை வடித்து, முந்திரியோடு சேர்த்து, உலர்ந்த மைதாவில் புரட்டித்தான் கலவையில் போடுவார்கள். இல்லாவிட்டால் எல்லாம் அடியில் போய்த் தங்கிவிடும். நிறம் கருக்கிய சர்க்கரையில் வருகிறது.

கேரளத்தின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு சுட்டார் என்பார்கள். பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழமும் கதலியும் சேர்ந்த நாட்டுச் சரக்கை அவர் ஊற்றினார் என்பது கதை. அது உண்மையானால், நம் முந்திரியும் அவர்கள் முந்திரியும் முதல் கேக்கிலேயே கூடிவிட்டன.

குமுளியானாலும் கொழிஞ்சாம்பாறையானாலும், கடையில் வேலை சுலபமாக முடிய வேண்டுமென்றால் பருப்புக்கு 'அண்டிப்பரிப்பு' என்றும் பழத்துக்கு 'உணக்கமுந்திரி' என்றும் கேளுங்கள்.